டெங்கு காலத்தில் நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐப்பசி பிறந்துவிட்டால் என் கைபேசி ஓயாது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்பதால் தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும் கூப்பிடுவார்கள். பிள்ளைக்கு மூன்று நாளாகக் காய்ச்சல், பக்கத்துத் தெருவில் டெங்கு என்கிறார்கள், நம்ம பி.எச்.சி.யில் பார்த்துக்கொள்வார்களா, இல்லை கடன் வாங்கியாவது டவுனுக்குக் கொண்டுபோய்விடலாமா? பெரும்பாலும் இதுதான் கேள்வி. போனில் இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிகிற விஷயமில்லை என்பதால் எழுதி வைக்கிறேன். தமிழ்நாட்டு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களை மனதில் வைத்து எழுதியது இது. உங்கள் வீட்டு நோயாளியை நேரில் பார்க்கும் மருத்துவர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

டெங்குவை ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்க்க முடியுமா?

பெரும்பாலோருக்கு முடியும். டெங்கு வருகிறவர்களில் பெரும்பகுதியினருக்குக் காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி, அடித்துப் போட்டது போல உடம்பு வலி என்று வந்து ஒரு வாரத்தில் சரியாகிவிடும். டெங்கு வைரஸைக் கொல்லும் மருந்து என்று ஒன்று இன்னும் இல்லை. எவ்வளவு பெரிய மருத்துவமனைக்குப் போனாலும் இல்லை. அங்கே கொடுப்பதும் பாராசிட்டமால், உடம்புக்கு வேண்டிய நீர், அப்புறம் கண்காணிப்பு. இந்த மூன்றும் நம் ஊரிலேயே கிடைக்க வேண்டியவை.

சிலருக்கு மட்டும் ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கும். குழம்பு சுண்டினால் கெட்டியாவது போல ரத்தம் கெட்டியாகும், ரத்த அழுத்தம் சரியும். இந்தத் தீவிர டெங்குவைக் கவனிக்காமல் விட்டால் ஐந்தில் ஒருவர் வரை இறக்கக்கூடும். நேரத்தோடு பார்த்துவிட்டால் அது நூற்றில் ஒன்றுக்கும் கீழே போய்விடும். யாருக்குக் கசியப் போகிறது என்று முதல் நாளே சொல்லிவிட முடியாது. அதனால் ஒவ்வொரு காய்ச்சல்காரரையும் மறுநாள், அதற்கு மறுநாள் என்று திரும்பத் திரும்பக் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒரு நிலையம் டெங்குவுக்குத் தயாரா என்று என்னைக் கேட்டால், அப்படிக் கூப்பிடுகிறார்களா என்றுதான் முதலில் பார்ப்பேன்.

அங்கே டெங்கு டெஸ்ட் எடுப்பார்களா?

ரத்தம் எடுப்பார்கள். ஆனால் உறுதி செய்யும் பரிசோதனை பெரும்பாலும் அங்கேயே நடக்காது. கொசு போன்றவற்றால் பரவும் நோய்களுக்கான தேசியத் திட்டம் ஏற்றுக்கொள்வது எலைசா என்ற ஆய்வக முறையை. காய்ச்சல் தொடங்கி முதல் ஐந்து நாளுக்குள் என்றால் வைரஸின் புரதத்தைத் தேடும் என்எஸ்1, அதற்குப் பிறகு என்றால் உடம்பு உருவாக்கும் எதிர்ப்பணுவைத் தேடும் ஐஜிஎம். மாதிரி, மாவட்டப் பொது சுகாதார ஆய்வகத்துக்கோ அரசு மருத்துவக் கல்லூரிக்கோ போகும். எலைசா தட்டில் 96 குழிகள் இருக்கும். ஒன்றிரண்டு மாதிரிக்காக ஒரு தட்டை வீணாக்க மாட்டார்கள், சேர்த்துத்தான் போடுவார்கள். முடிவு வர நாள் ஆவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதைக் கேட்டதும் பலருக்கு மனம் உடைந்துவிடும். உண்மையில் டெங்கு உறுதியாகிவிட்டது என்பதால் சிகிச்சையில் பெரிய மாற்றம் வரப்போவதில்லை. முடிவு வரும்வரை டெங்குவாக நினைத்தே பார்க்க வேண்டும். வர வேண்டிய அவசரப் பரிசோதனை வேறு: தட்டணு (பிளேட்லெட்), வெள்ளையணு, ரத்தம் எவ்வளவு கெட்டி என்று காட்டும் பி.சி.வி. இவை மூன்றும் அன்றைக்கே வேண்டும். வட்டார அளவிலான நிலையங்களில் இதற்கான ரத்த அணு எண்ணும் கருவி இருக்கும். சிறிய நிலையத்தில் இல்லையென்றால் எங்கே எடுத்து, யார் மாலைக்குள் முடிவைக் கொண்டுவந்து காட்டுவது என்று அங்கேயே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். எலைசா முடிவுக்காக மட்டும் வீட்டில் உட்கார்ந்து காத்திருக்காதீர்கள்.

பிளேட்லெட் 60,000 என்று வந்திருக்கிறது. பயமாக இருக்கிறது. உடனே ஏற்ற வேண்டாமா?

வேண்டாம். நோயாளிக்கு ரத்தக்கசிவு இல்லாமல் இருந்தால் 10,000-க்குக் கீழே போகும்வரை தட்டணு ஏற்றத் தேவையில்லை என்பதுதான் இந்தியாவில் நடைமுறையில் உள்ள வழிகாட்டுதல். ரத்தக்கசிவு இருந்தால் கணக்கு வேறு, அதை மருத்துவர் முடிவு செய்வார். தேவையில்லாமல் ஏற்றுவதால் நன்மை இல்லை, ஒவ்வாமையும் நீர் அதிகமாவதும்தான் மிச்சம்.

பிளேட்லெட் எண்ணிக்கை ஊர் முழுக்கப் பேசப்படுகிறது. அதற்குப் பக்கத்திலேயே அதே தாளில் பி.சி.வி. என்று ஒரு எண் இருக்கும், அதை யாரும் படிப்பதில்லை. நூறு மில்லி ரத்தத்தில் சிவப்பணு எவ்வளவு இடத்தை அடைத்திருக்கிறது என்று அது சொல்லும். நேற்று 36 இருந்தது இன்று 43-ஐத் தாண்டிவிட்டால், ஐந்தில் ஒரு பங்கு ஏறிவிட்டது, அதாவது நீர் வெளியே கசிந்துகொண்டிருக்கிறது. தட்டணு இறங்கிக்கொண்டே பி.சி.வி. ஏறினால் அதுதான் மணி அடிக்கும் இடம். ஒரே ஒரு நாள் எண்ணை வைத்து இதைச் சொல்ல முடியாது, நேற்றைய தாள் வேண்டும். அதனால் ரத்தப் பரிசோதனைத் தாள்களைத் தேதி வரிசையில் ஒரு பையில் போட்டு, போகும் இடமெல்லாம் கொண்டுபோங்கள்.

காய்ச்சல் இறங்கிவிட்டது. இனி எதற்கு அலைய வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

டெங்குவில் ஆபத்தான நேரம் காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது இல்லை. காய்ச்சல் விடும் நேரத்தில்தான், பொதுவாக மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், அந்தக் கசிவு தொடங்கும். 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும். உடம்பு சூடு குறைந்ததும் வீடே நிம்மதியாகி, அம்மா சமையலுக்குப் போய்விடுவார், அப்பா வேலைக்குக் கிளம்பிவிடுவார். அந்த நேரம் பார்த்துத்தான் பிள்ளை சோர்ந்து போகும்.

ஒரு தீபாவளிக்கு முந்தைய வாரம். பதினொரு வயதுப் பெண், நான்கு நாள் காய்ச்சல். ஐந்தாம் நாள் காலையில் அவள் ஆச்சி நிலையத்துக்கே வந்து, "காய்ச்சல் விட்டுப்போச்சு சிஸ்டர், பிள்ளை நல்லாத் தூங்குது" என்று சந்தோஷமாகச் சொன்னார். காலை ஒன்பது மணிக்கு ஒரு பதினொரு வயதுப் பிள்ளை எதற்குத் தூங்க வேண்டும்? போய்ப் பார்த்தேன். கைகால் ஜில்லென்று இருந்தது. நகத்தை அழுத்தி விட்டால் வெளுத்த இடம் சிவக்கவே நேரமானது. ரத்த அழுத்தம் 90/76. அங்கேயே சலைன் ஏற்றத் தொடங்கி 108-இல் அனுப்பினோம். பிழைத்துக்கொண்டாள். ஆனால் முந்தைய நாள் எங்கள் ஓ.பி.யில்தான் அவளைப் பார்த்திருந்தோம். காய்ச்சல் விட்டாலும் நாளைக்கு வாருங்கள் என்று நாங்கள் யாரும் அந்த ஆச்சியிடம் சொல்லவில்லை. அந்த யாரும் என்பதில் நானும் உண்டு. அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை, காய்ச்சல் ஓ.பி. சீட்டில் "காய்ச்சல் விட்டாலும் வரவும்" என்று சிவப்பு மையில் தேதி போடாமல் ஒருவரையும் நான் அனுப்பியதில்லை.

உங்கள் சீட்டில் அப்படி ஒரு தேதி இல்லையென்றால் நீங்களே கேளுங்கள். இலங்கையில் மூன்றாம் நாள் காய்ச்சலுக்கு முழு ரத்தப் பரிசோதனை பார்ப்பது சாதாரண மக்களுக்கே பழகிப்போன விஷயம். இங்கேயும் அது பழக வேண்டும்.

எங்கள் நிலையம் தயாராக இருக்கிறதா என்று நாங்கள் எப்படித் தெரிந்துகொள்வது?

கட்டடம் புதிதா, பெயின்ட் அடித்திருக்கிறதா என்பதை விடுங்கள். காய்ச்சலுக்குக் காட்டப் போகும்போது கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டாலே பாதி தெரிந்துவிடும்.

முதலில், ரத்த அழுத்தம் பார்க்கிறார்களா? காய்ச்சல் என்று வந்த எல்லோருக்கும், குழந்தைக்கும்? குழந்தையின் கைக்குப் பெரியவர்களின் பட்டையைச் சுற்றினால் வரும் அளவு தப்பாக இருக்கும். குழந்தைக்கென்று சிறிய பட்டை வேண்டும். விலை அதிகமில்லாத பொருள், ஆனால் பல இடங்களில் இருக்காது, இருந்தால் பீரோவில் இருக்கும். நான் புதிதாக ஒரு நிலையத்துக்கு மாற்றலாகிப் போனால் முதலில் தேடுவது அதைத்தான்.

அளவைப் பார்ப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 100/80 என்றால் கேட்பவர்கள் நார்மல் என்று நினைத்துவிடுவார்கள். மேல் அளவுக்கும் கீழ் அளவுக்கும் இடைவெளி 20-தான் இருக்கிறது, பாருங்கள். டெங்குவில் அந்த இடைவெளி 20 அல்லது அதற்குக் கீழே சுருங்கினால் அது ரத்த ஓட்டம் போதாமல் உடம்பு சரியும் அதிர்ச்சி நிலையின் (ஷாக்) தொடக்கம். மேல் அளவு விழுவதற்கு முன்பே இது தெரிந்துவிடும். குழந்தைகள் கடைசிவரை தாக்குப்பிடித்து, பிறகு சட்டென்று விழுவார்கள்.

அடுத்து லேப். டெக்னீஷியன் இருக்கிறாரா, இல்லை ஒருவரே வாரத்தில் சில நாள் இங்கே, சில நாள் அங்கே என்று ஓடுகிறாரா? பெரிய கருவி பழுதானால் பி.சி.வி. பார்க்க மாற்று வழி இருக்கிறதா? விரல் நுனியிலிருந்து மெல்லிய கண்ணாடிக் குழலில் ரத்தம் எடுத்து, ஒரு சின்னச் சுழற்றி இயந்திரத்தில் ஐந்து நிமிடம் சுற்றினால் பி.சி.வி. கையில் வந்துவிடும். பழைய முறைதான், ஆனால் அடைமழை நாளில் உயிர் காக்கும்.

அதுவும் இல்லாத இடத்தில்கூட ஒன்று செய்யலாம். ரத்த அழுத்தப் பட்டையை மேல் அளவுக்கும் கீழ் அளவுக்கும் நடுவில் ஏற்றி ஐந்து நிமிடம் வைத்து எடுத்து, ஒரு சதுர அங்குலத் தோலில் பத்துக்கு மேல் சிவப்புப் புள்ளிகள் தெரிகின்றனவா என்று பார்ப்பது. இது டெங்குவை உறுதி செய்யாது, இல்லையென்றும் சொல்லிவிடாது, ஆனால் சந்தேகத்தைக் கூட்டும்.

படுக்கையில் பகலிலும் கொசுவலை இருக்கிறதா என்றும் பாருங்கள். ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. காய்ச்சலின் முதல் ஐந்து நாள்வரை நோயாளியைக் கடிக்கும் கொசு வைரஸை எடுத்துக்கொள்ளும். வலையில்லாத காய்ச்சல் வார்டு, வந்தவர்களுக்கெல்லாம் பரப்பும் இடமாகிவிடும். நிலையத்தின் மாடித் தொட்டிக்கு மூடி இருக்கிறதா என்பதையும் நான் பார்ப்பேன்.

மருந்தைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இருந்ததில்லை. பாராசிட்டமால், ஓ.ஆர்.எஸ்., சலைன், ரிங்கர் லாக்டேட் எல்லாம் விலையுயர்ந்தவை இல்லை. 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வழியாக வந்துவிடும். குறை பெரும்பாலும் ஆட்களில்தான். ஒரே செவிலியர் பிரசவமும் பார்த்து, தடுப்பூசியும் போட்டு, காய்ச்சல் வார்டில் ஆறு பேருக்கு மணிக்கொரு முறை ரத்த அழுத்தமும் பார்க்க முடியாது. அது நடக்காதபோது திட்டு வாங்குவதும் அவர்தான்.

ஊசியும் போடவில்லை, டிரிப்பும் போடவில்லை. வெறும் மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இது அலட்சியம்தானே?

ஊசி போடாதது அலட்சியம் இல்லை, சரியான வைத்தியம். டெங்குவில் தட்டணு குறைந்திருக்கும்போது தசையில் ஊசி போட்டால் அந்த இடத்தில் ரத்தம் கட்டிக்கொள்ளும். வலிக்காகப் போடும் டைக்ளோஃபெனாக் ஊசி, இபுப்ரோஃபென், ஆஸ்பிரின் ஆகியவை ரத்தக்கசிவைத் தூண்டும். "ஒரு ஊசி போடுங்க டாக்டர், சீக்கிரம் வேலைக்குப் போகணும்" என்று நாமே கேட்டு வாங்கிக்கொள்கிறோம். மெடிக்கலில் சொல்லி வாங்கும் காய்ச்சல் செட் மாத்திரையிலும் இவற்றில் ஒன்று இருக்கலாம். மழைக்காலக் காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் தவிர வேறு எதையும் கேட்காமல் போடாதீர்கள். அதையும் எடைக்கு ஏற்ற அளவில், ஆறு மணி நேர இடைவெளி விட்டு.

டிரிப்பும் அப்படித்தான். வாயால் குடிக்க முடிகிற, வாந்தி இல்லாத நோயாளிக்குக் கஞ்சி, இளநீர், மோர், ஓ.ஆர்.எஸ். கரைசல் போதும். ஓ.ஆர்.எஸ். பெரிய பொட்டலத்தை ஒரு லிட்டர் நீரில் முழுதாகக் கரைக்க வேண்டும், டம்ளருக்குக் கொஞ்சமாகத் தூவக்கூடாது. நரம்பு வழியாக ஏற்றும் நீர், நீர்க்கசிவு தொடங்கியவர்களுக்கு உயிர். ஆனால் கணக்குத் தப்பினால் அதுவே ஆபத்து. கசிவு நின்றதும் வெளியே போன நீர் ரத்தத்துக்குத் திரும்பி வரும். அப்போதும் பாட்டில் பாட்டிலாக ஏற்றிக்கொண்டிருந்தால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறும். தெம்புக்கு ஒரு பாட்டில் என்று கேட்காதீர்கள்.

ஆனால் ஒன்று. மாத்திரையை மட்டும் கொடுத்து, ரத்த அழுத்தம் பார்க்காமல், திரும்ப வரும் தேதியும் சொல்லாமல் அனுப்பியிருந்தால் உங்கள் கோபம் நியாயம்.

எடுத்த எடுப்பில் ஜி.எச்.சுக்குப் போகச் சொல்கிறார்கள். கைகழுவி விடுகிறார்களா?

சில நேரம் அப்படியும் நடக்கிறது, மறைக்க மாட்டேன். ஆனால் சில அறிகுறிகள் இருந்தால் அனுப்பத்தான் வேண்டும், அங்கே வைத்துக்கொள்வதுதான் தவறு. விடாத வயிற்றுவலி, நிற்காத வாந்தி, பல் ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுத்த மலம், மாதவிலக்கு வழக்கத்தைவிட அதிகமாகப் போவது, மூச்சு வாங்குவது, மயக்கமான தூக்கம் அல்லது காரணமில்லாத பரபரப்பு, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது. இவற்றில் ஒன்று போதும்.

கர்ப்பிணி, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை, முதியவர், சர்க்கரை நோயாளி, சிறுநீரக நோயாளி ஆகியோருக்கு இவை எதுவும் இல்லாவிட்டாலும் படுக்கையில் வைத்துப் பார்ப்பது நல்லது. குழந்தைக்கு டெங்கு முதல்முறையாகத்தானே வருகிறது என்று சிலர் தைரியமாக இருப்பார்கள். டெங்குவில் நான்கு வகை வைரஸ் உண்டு. ஒரு வகை வந்து போனபின் வேறு வகை வந்தால்தான் தீவிரமாகும் வாய்ப்பு கூடுதல். ஆனால் கைக்குழந்தைக்குத் தாயிடமிருந்து வந்த எதிர்ப்பணுக்களே முதல்முறையிலேயே நோயைத் தீவிரமாக்கிவிடலாம்.

நல்ல முறையில் அனுப்புவது எப்படியிருக்கும் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். சீட்டில் காய்ச்சல் தொடங்கிய நாள், கடைசி ரத்த அழுத்தம், பி.சி.வி., தட்டணு, ஏற்றிய நீர் எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று எழுதியிருக்க வேண்டும். போகும் இடத்துக்குப் போனில் சொல்லியிருக்க வேண்டும். சரிந்துகொண்டிருக்கிறவருக்கு சலைன் தொடங்கிவிட்டுத்தான் வண்டியில் ஏற்ற வேண்டும். "ஜி.எச். போகவும்" என்று இரண்டே வார்த்தை எழுதிய சீட்டைக் கொடுத்தால், "இதையெல்லாம் எழுதிக் கொடுங்கள் சிஸ்டர்" என்று மரியாதையாகக் கேளுங்கள்.

இரவு பத்து மணிக்கு மோசமானால்?

24 மணி நேர நிலையங்களில் இரவில் ஒரு செவிலியர் இருப்பார். மருத்துவர் பெரும்பாலும் கூப்பிட்டால் வருபவராக இருப்பார். லேப் பூட்டியிருக்கும். அதனால் அபாய அறிகுறி தெரிந்தால் நிலையத்துக்கு நடந்து போய் நேரம் கடத்தாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். 2008 முதல் தமிழ்நாட்டில் ஓடும் சேவை, காசு கிடையாது.

மலை ஊர்களில் இந்தக் கணக்கு மாறும். சமவெளியில் 30,000 பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம், மலையில் 20,000 பேருக்கு ஒன்று என்பது விதி. ஆனால் கல்வராயன் மலையிலோ ஜவ்வாது மலையிலோ 20,000 பேர் எத்தனை சிற்றூர்களில் சிதறிக் கிடக்கிறார்கள் என்று போய்ப் பார்த்தால்தான் தெரியும். மழையில் வண்டி ஏற நேரமாகும். அங்கே இருப்பவர்கள் அறிகுறிக்காகக் காத்திருக்காமல், மூன்றாம் நாளே கீழே இறங்கி, தெரிந்தவர் வீட்டிலோ மருத்துவமனையிலோ காய்ச்சல் விட்டு இரண்டு நாள் தாண்டும்வரை இருந்துவிடுவது நல்லது. வீடு தூரமாக இருப்பதே படுக்கையில் சேர்க்கப் போதுமான காரணம் என்பது மருத்துவ வழிகாட்டுதலிலேயே உண்டு. கேட்கத் தயங்காதீர்கள்.

நிலவேம்புக் குடிநீரும் பப்பாளி இலைச் சாறும்?

2012-இல் தமிழ்நாட்டில் அடித்த டெங்கு அலைக்குப் பிறகு அரசே நிலவேம்புக் குடிநீரைக் கொடுத்தது, நானும் அண்டாவில் காய்ச்சி ஊற்றியிருக்கிறேன். நிலவேம்பு, வெட்டிவேர், சுக்கு, மிளகு என்று ஒன்பது சரக்கு சேர்ந்தது. குடிப்பதற்கு நான் தடை சொன்னதில்லை. பப்பாளி இலை தட்டணுவைக் கொஞ்சம் ஏற்றுகிறது என்று சிறிய ஆய்வுகள் உண்டு. நீர் கசிவதை நிறுத்துகிறது, உயிரைக் காக்கிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. ஏற்கெனவே குமட்டும் பிள்ளைக்குக் கசப்பை ஊற்றி, அது வாந்தி எடுத்து, குடித்த கஞ்சியும் வெளியே வந்துவிட்டால் நஷ்டம்தான். சாறு கொடுத்துவிட்டோம் என்ற தைரியத்தில் பரிசோதனைக்குப் போகாமல் இருந்துவிடுவது அதைவிடப் பெரிய நஷ்டம்.

தனியார் டாக்டர் டெங்கு என்கிறார், அரசு இல்லை என்கிறது. மறைக்கிறார்களா?

தனியார் கிளினிக்கில் பெரும்பாலும் அட்டைச் சோதனை செய்வார்கள், கால் மணி நேரத்தில் கோடு தெரியும். அரசுக் கணக்கில் எலைசாவில் உறுதியானதுதான் டெங்கு, அட்டையில் வந்தது டெங்குவாக இருக்கலாம் என்பது மட்டுமே. முரண்பாட்டில் பெரும்பகுதி இதனால் வருவது. ஆனால் ரத்தம் எடுக்காமலே விட்டவர்கள் எந்தக் கணக்கிலும் வரமாட்டார்கள். அப்படி விட்டுப்போனவர்கள்தான் செய்தித்தாளில் "மர்மக் காய்ச்சல்" ஆகிறார்கள். டெங்கு கண்டால் தனியாரும் சுகாதாரத் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். தெரிவித்தால்தான் அந்தத் தெருவுக்குக் கொசுப் பணியாளர் வருவார். உங்கள் டாக்டரிடம் "தெரிவித்துவிட்டீர்களா" என்று கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் முடிவுத் தாளோடு நீங்களே போய் சுகாதார ஆய்வாளரிடம் சொல்லலாம்.

புகை அடித்தால் போதாதா?

பறக்கும் கொசு சாகும். தொட்டியில் இருக்கும் புழு அப்படியே இருந்து, முட்டையிலிருந்து ஏழெட்டு, பத்து நாளுக்குள் அடுத்த கூட்டம் கிளம்பும். காய்ந்த தொட்டிச் சுவரில் ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, நீர் பட்டதும் பொரியும். அதனால் தொட்டியைக் காலி செய்தால் போதாது, வாரம் ஒருமுறை சுவரைத் தேய்க்க வேண்டும்.

2012-இல் திருநெல்வேலி மாவட்டம்தான் அதிகம் அடிபட்டது. அப்போது அந்த மாவட்டத்தில் இருந்த கடையநல்லூர் பெயர் தினமும் செய்தியில் வந்தது. எப்போதாவது வரும் தண்ணீரை டிரம்மிலும் தொட்டியிலும் பிடித்து வைத்திருக்கும் ஊர்களில் மழை பெய்யாமலே டெங்கு வரும். அந்த மக்களைப் பார்த்துத் தண்ணீர் தேக்காதே என்று சொல்ல எனக்கு வாய் வராது. நாள்தோறும் குழாயில் தண்ணீர் வந்தால் அவர்கள் எதற்குத் தேக்கப் போகிறார்கள்? மூடி வையுங்கள், துணியாவது கட்டுங்கள் என்றுதான் சொல்ல முடிந்தது.

வீடு வீடாக வந்து பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டையும் ஆட்டுக்கல்லையும் எட்டிப் பார்த்து, கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மருந்து ஊற்றுகிறாரே ஒரு பெண், அவர் தினக்கூலிப் பணியாளர். அவருக்குக் கதவைத் திறந்து விடுங்கள். அவர் வருவது நின்றால் இரண்டு வாரத்தில் நிலையத்தின் ஓ.பி. வரிசை நீளும், நான் கண்ணால் பார்த்தது.

2012-க்கும் இப்போதைக்கும் ஏதாவது மாறியிருக்கிறதா?

மாறியிருக்கிறது. 2012-இல் தமிழ்நாட்டில் பதிவானவை 12,826, இறப்பு 66. 2017-இல் பதிவு 23,294, இறப்பு 65. நோய் எண்ணிக்கை இரு மடங்கை நெருங்கியும் இறப்பு கூடவில்லை. பரிசோதனை அதிகமானதால் லேசான நோயாளிகளும் கணக்கில் வந்தார்கள் என்பதும் உண்மை, அதனால் இதை முழு வெற்றியாக நான் சொல்லமாட்டேன். ஆனால் நீரைக் கணக்குப் பார்த்து ஏற்றவும் நேரத்தில் அனுப்பவும் நிறையப் பேர் கற்றுக்கொண்டார்கள். கற்றுக்கொண்டவர்கள் மாற்றலாகிப் போய்விடுகிறார்கள் என்பதுதான் என் கவலை. ஒவ்வொரு புரட்டாசியிலும் புதிதாக வந்தவர்களுக்கு மறுபடி சொல்லிக் கொடுக்க வேண்டும்.

தடுப்பூசி வந்துவிட்டதா?

நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் டெங்கு தடுப்பூசி இல்லை. இந்தியாவில் தயாரான ஒன்றுக்கு 2024 ஆகஸ்டில் மூன்றாம் கட்டச் சோதனை தொடங்கியது, 10,000-க்கும் மேற்பட்டோரைச் சேர்த்து. அதை நம்பி இந்த மழைக்காலத்தைக் கழிக்க முடியாது.

ஊராக நாங்கள் என்ன கேட்கலாம்?

அக்டோபர் 2 கிராம சபைக்குப் போங்கள். வடகிழக்குப் பருவமழைக்குச் சரியாக இரண்டு மூன்று வாரம் முன்னால் வருவது அது. லேப் டெக்னீஷியன் இடம் காலியா, குழந்தைகளுக்கான ரத்த அழுத்தப் பட்டை எத்தனை, மாலைக்குள் பி.சி.வி. முடிவு கிடைக்க என்ன ஏற்பாடு, இந்த மழைக்காலத்தில் எத்தனை கொசுப் பணியாளர்கள், மேல்நிலைத் தொட்டியைக் கடைசியாக எப்போது கழுவினீர்கள் என்று கேளுங்கள். கேட்டதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதியதற்குப் பதில் வரும். பேசியதோடு விட்டால் வராது.

இன்று இரவு வீட்டில்தான் வைத்திருக்கிறோம். எதைக் கவனிப்பது?

ஒரு நோட்டை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். குடித்தது எத்தனை டம்ளர், சிறுநீர் போன நேரம், சூடு எவ்வளவு, கடைசிப் பாராசிட்டமால் எப்போது என்று எழுதிக்கொண்டே வாருங்கள். நாளைக்கு மருத்துவர் கேட்கப்போவது இதைத்தான். கை நுனியும் கால் நுனியும் வெதுவெதுப்பாக இருக்கின்றனவா என்று தொட்டுப் பாருங்கள். நகத்தை அழுத்தி விட்டு, நிறம் திரும்ப இரண்டு நொடிக்கு மேல் ஆகிறதா என்று கவனியுங்கள். சூடு இறங்கிய இரவாக இருந்தால் யாராவது ஒருவர் முழித்திருங்கள். நடு இரவில் ஒருமுறை பிள்ளையை எழுப்பிப் பெயரைக் கேளுங்கள், எழுந்து உட்காரச் சொல்லுங்கள். சிணுங்கிக்கொண்டே பதில் சொன்னால் ஒரு டம்ளர் கஞ்சி கொடுத்துத் தூங்க விடுங்கள். எழுப்பியும் கண்ணைத் திறக்காமல் துவண்டு விழுந்தால், விடியட்டும் என்று இருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.